சுவர் காயட்டும், அப்புறம் பெயின்ட்: உள்ளறைகளுக்கு நாமே வண்ணம் அடிக்க ஒரு வழிகாட்டி

தை பிறக்கப் போகிறது என்றால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் ஊர் வழக்கம். போகிக்கு முந்தைய வாரங்களில் பெயின்ட் கடையில் கால் வைக்க இடமிருக்காது, பெயின்டர்கள் யாரும் சிக்க மாட்டார்கள். அப்படி ஒரு மார்கழியில்தான், ஆள் கிடைக்காத கடுப்பில், எங்கள் வீட்டு உள்ளறைகளுக்கு நானே பெயின்ட் அடித்தேன். பொங்கலன்று வீடு பளிச்சென்று இருந்தது. பங்குனியில் குளியலறையை ஒட்டிய சுவரில் கொப்புளம் கிளம்பியது. சித்திரையில் விரலால் தட்டினால் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கொட்டியது.

எங்கள் தெருவில் பெயின்ட் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். "தம்பி, பெயின்ட்ல குறை இல்ல. சுவர் வேர்த்துக்கிட்டு இருக்கும்போதே மூடிட்டீங்க" என்றார். அன்றிலிருந்து மூன்று அறைகள், ஒரு சமையலறை என்று நானே அடித்துப் பழகிவிட்டேன். ஒவ்வொரு முறையும் அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது.

சுண்ணாம்பு காலத்தில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டுதான் இறுகும். அதற்குக் கொஞ்சம் ஈரமும் வேண்டும். மழை முடிந்த கையோடு, சுவர் முழுக்கக் காயாதபோது அடித்தாலும் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் ஈரம் அதன் வழியாகவே வெளியேறிவிடும். இன்று நாம் தண்ணீர் கலந்து அடிக்கும் எமல்ஷன் பெயின்ட் அப்படியில்லை. அது சுவர்மேல் படியும் மெல்லிய பிளாஸ்டிக் தோல். உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டால் அது அந்தத் தோலைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வரும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றிவிட்டோம்.

அதனால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஒன்றிரண்டு மாதம் வெயில் ஏறிய பிறகு, மாசி, பங்குனியில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். பண்டிகைக்கு முன்னால் முடித்தே ஆகவேண்டும் என்றால் தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே, மழை பிடிப்பதற்குள் முடித்துவிடுவது நல்லது. கன்னியாகுமரி, நீலகிரிப் பக்கம் இருப்பவர்கள் ஆனி, ஆடி மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எதை நாமே செய்யலாம், எதை விட்டுவிடலாம்

முதல் முறை என்றால் ஒரே ஒரு படுக்கையறையோடு நிறுத்துங்கள். ஹாலில் ஆரம்பிக்காதீர்கள். வருகிறவர்கள் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார்கள். மாடிப்படிச் சுவர், 10 அடிக்கு மேல் உயரம் போகும் கூரை, வெளிச்சுவர் மூன்றையும் தொடவே வேண்டாம். மிச்சமாகும் கூலி கால் எலும்புக்கு ஈடாகாது.

ஓர் அறைக்கு ஐந்து, ஆறு நாள் ஒதுக்குங்கள். கை அசையும் நேரம் அதில் பாதிதான். மீதி நேரம் காய்வதற்குக் காத்திருப்பது. சனி, ஞாயிறு இரண்டே நாளில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அவர்கள் பட்டி பார்த்ததே (சுவரின் மேடு பள்ளத்தை மாவுப் பூச்சால் நிரப்பித் தேய்த்ததே) இல்லை என்று அர்த்தம்.

முதல் வேலை: சுவரைச் சோதிப்பது

கடைக்குப் போவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். என்ன வாங்குவது என்பதே இதை வைத்துத்தான் முடிவாகும்.

முதலில் உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளை மாவு ஒட்டினால் சுண்ணாம்பு, அல்லது நாள்பட்ட டிஸ்டெம்பர் (மாவு மாதிரி படியும் மலிவான பெயின்ட்). அடுத்து ஈரத்துணியால் அழுத்தித் துடையுங்கள். நிறம் துணிக்கு வந்தால் அது சாதாரண டிஸ்டெம்பர். இந்த இரண்டின் மேலும் எமல்ஷன் நிற்காது. சுவரோடு ஒட்டுவதற்குப் பதில் அந்த மாவோடு ஒட்டிக்கொண்டு, மாவு விடும்போது கூடவே வந்துவிடும். சுரண்டி எடுத்தே தீரவேண்டும். துணியில் ஒன்றும் வரவில்லை, சுவர் வழவழப்பாக இருக்கிறது என்றால் ஏற்கெனவே எமல்ஷன்தான். வேலை பாதியாகக் குறைந்தது.

அடுத்து விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியாகச் சத்தம் வந்தால் சரி. ஓட்டைப் பானையைத் தட்டுகிற மாதிரி கேட்டால் அந்த இடத்தில் சிமென்ட் பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்திருக்கிறது. அதன்மேல் எவ்வளவு விலையான பெயின்ட் அடித்தாலும் ஒருநாள் மொத்தமாக விழும். கொஞ்ச இடம் என்றால் கொத்தி எடுத்துப் பூசலாம். கை அகலத்துக்கு மேல் போனால் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

ஈரம்தான் முக்கியம். சந்தேகமான இடத்தில், அதாவது குளியலறைக்குப் பின்சுவர், குழாய் ஓடும் சுவர், ஏசி தண்ணீர் சொட்டும் பக்கம், தரையிலிருந்து 2, 3 அடி உயரம் வரை, ஒன்றரை அடிச் சதுரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒருநாள் விட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம், சுவரைப் பார்த்த பக்கத்தில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவர்தான் வேர்க்கிறது. வெளிப்பக்கத்தில் மட்டும் நீர் என்றால் அறையின் காற்றில் ஈரம் அதிகம், ஜன்னலைத் திறந்து வையுங்கள், போதும்.

சுவர் வேர்த்தால் காரணத்தைப் பிடிக்காமல் பெயின்ட் வாங்கப் போகாதீர்கள். எங்கள் வீட்டில் குளியலறைக் குழாயின் உள் இணைப்பு ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. ஓடுகள் இடையே சாந்து போயிருக்கலாம், மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கலாம், ஜன்னல் மேல் சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில் விரிசல் இருக்கலாம். பழைய வீடுகளில் தரையிலிருந்தே ஓதம் ஏறும். ஓதம் தவிர மற்றவற்றைச் சரிசெய்து காயவிட்டால் தீர்ந்தது. தரையிலிருந்து ஏறும் ஓதம் பெயின்டால் தீராது. ஓதத்தைத் தடுப்பதாகச் சொல்லி விற்கும் பூச்சை உள்பக்கம் அடித்தால் பெரும்பாலும் ஈரம் அதற்கு மேலே ஓர் அடி ஏறி நிற்கும். அப்படிப்பட்ட சுவரில் கீழ் மூன்று அடிக்கு நான் இன்றும் சுண்ணாம்பைத்தான் சொல்வேன். அழகு குறைந்தாலும் உரியாது.

வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் காய்ந்த பிரஷால் தட்டிக் கூட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும்.

கணக்கும் கடையும்

10க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். நான்கு சுவரின் சுற்றளவு 44 அடி. உயரத்தால் பெருக்கினால் 440 சதுர அடி. கதவு 3க்கு 7, அது 21. ஜன்னல் 4க்கு 4, அது 16. கழித்தால் சுமார் 400 சதுர அடி. கூரை தனியாக 120.

எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்கு, அதாவது இரண்டு முறை அடிக்க, ஏறக்குறைய 60 முதல் 70 சதுர அடி வரும். சுவருக்கு 6, 7 லிட்டர், கூரைக்கு 2 லிட்டர். பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான ப்ரைமர் ஒரு கோட்டுக்கு லிட்டருக்கு 100 முதல் 120 சதுர அடி, ஆக 5 லிட்டர். சுவர் சொரசொரப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் குடிக்கும். கடைக்காரர் "20 லிட்டரா எடுத்துக்குங்க, லாபம்" என்பார். மூன்று அறைக்கும் ஒரே நிறம் என்றால் லாபம்தான், காலி வாளி குளியலறைக்கும் ஆகும். ஓர் அறைக்கு என்றால் மீதி பெயின்ட் பரணில் கிடந்து கட்டியாகிவிடும்.

எமல்ஷனில் பளபளப்பு கூடக் கூட விலையும் கூடும், சுவரின் மேடு பள்ளமும் கூடுதலாகத் தெரியும். முதல் முறை அடிப்பவருக்கு மங்கலான மேட் வகைதான் நல்ல நண்பன். நம் தப்பையெல்லாம் மறைத்துவிடும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டிலும் சமையலறையிலும் மட்டும் துடைக்கக்கூடிய வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

நிறத்தை ஷேடு கார்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதில் இருக்கும் கட்டம் தீப்பெட்டி அளவு. அதே நிறம் நான்கு சுவரிலும் வந்தால் ஒன்றின் சாயல் மற்றதில் விழுந்து அடர்த்தியாகத் தெரியும். பிடித்ததைவிட ஒரு படி வெளிர் நிறத்தை எடுங்கள். சின்ன டின் ஒன்று வாங்கி, வெளிச்சம் விழும் சுவரில் இரண்டடி, விழாத சுவரில் இரண்டடி அடித்து, காலையில் ஒருமுறை, இரவு லைட் போட்டு ஒருமுறை பாருங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு பாருங்கள், ஈரத்தில் கொஞ்சம் வெளிறித்தான் தெரியும்.

மற்ற சாமான்கள்: 9 அங்குல ரோலர் ஒன்று, மூலைகளுக்கும் கதவோரத்துக்கும் 4 அங்குல ரோலர் ஒன்று, ரோலருக்கு நீளக் கம்பு, தட்டு, 2 அங்குலம், 4 அங்குலத்தில் பிரஷ், பட்டி பார்க்க அகலத் தகடும் குறுகல் தகடும், சுரண்டி, உப்புத்தாள் 80, 120, 220 எண்களில், மாஸ்கிங் டேப், தூசிக்கு என்95 முகக்கவசம், கண்ணாடி. பிரஷில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான பிரஷ் மயிரை உதிர்க்கும், அது பெயின்டில் ஒட்டிக் காய்ந்து காலம் முழுக்க நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். உறுதியான 6 அடி ஏணி ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். பிளாஸ்டிக் ஸ்டூல்மேல் ஸ்டூல் போட்டு ஏறும் வித்தையெல்லாம் வேண்டாம்.

அறையைக் காலி செய்வது

எடுக்க முடிந்ததை வெளியே எடுங்கள். கட்டிலும் பீரோவும் நடுவில் சேரட்டும், மேலே பிளாஸ்டிக் தாள் போட்டுக் கட்டுங்கள். தரைக்குப் பழைய புடவை, வேட்டியைவிடச் சிறந்தது கிடையாது. சொட்டை உறிஞ்சிக்கொள்ளும், வழுக்காது. வெறும் பிளாஸ்டிக் தாளில் பெயின்ட் சொட்டினால் அதை மிதித்துக்கொண்டே வீடு முழுக்கக் கோலம் போட்டுவிடுவோம். மொசைக், ரெட் ஆக்சைடு தரை என்றால் கீழே பிளாஸ்டிக், மேலே புடவை. அந்தத் தரைகளில் கறை ஏறினால் லேசில் போகாது.

சாமி படம், காலண்டர், ஆணி எல்லாவற்றையும் கழற்றுங்கள். மெயினில் அந்த அறைக்கு மின்சாரத்தை நிறுத்தும் ஸ்விட்சை (எம்சிபி) அணைத்துவிட்டு ஸ்விட்ச் போர்டின் மூடியைக் கழற்றுங்கள், அல்லது ஓரம் முழுக்க டேப் ஒட்டுங்கள். ஃபேனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. சுரண்டும்போதும் கழுவும்போதும் மின்சாரம் அணைந்தே இருக்கட்டும்.

சுரண்டல், கழுவல், எண்ணெய்க் கறை

உரிந்து நிற்பதை எல்லாம் சுரண்டுங்கள். சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ என்றால் தண்ணீர் தெளித்து ஊறவிட்டுச் சுரண்டினால் தூசி பறக்காமல் வழித்துக்கொண்டு வரும். சுத்தமாகக் கழுவி ஒருநாள், முடிந்தால் இரண்டுநாள் காயவிடுங்கள்.

பழைய கதவு, ஜன்னலில் இருக்கும் எனாமலில், அதாவது டர்பன்டைன் கலந்து அடிக்கும் பெயின்டில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்தவற்றில் ஈயம் அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. அவற்றைக் காய்ந்த நிலையில் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளால் நனைத்துத் தேய்த்து, சேற்றைத் துணியில் வழித்து எடுங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரவேண்டாம்.

கறுப்பாகப் பூஞ்சணம் படிந்திருந்தால் ஒரு பங்கு ப்ளீச்சிங் திரவத்துக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து பூசி, 15 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டோடு இதைச் சேர்க்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும்.

இனி நம் வீடுகளுக்கே உரிய ஒரு பிரச்சினை. கட்டிலில் சாய்ந்து உட்காரும் இடத்தில், திண்ணையை ஒட்டி, ஹாலில் அப்பா பேப்பர் படிக்கும் இடத்தில், தலை அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம் இருக்கும். வருஷக்கணக்கில் தேங்காய் எண்ணெய் குடித்த வட்டம். அதன்மேல் நேராக எமல்ஷன் அடித்தால் ஒட்டாது, ஒட்டினாலும் ஒரு மாதத்தில் வட்டம் மறுபடி எட்டிப் பார்க்கும். சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்துத் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகு அந்த இடத்துக்கு மட்டும் ஆயில் ப்ரைமர் ஒரு கோட் கொடுங்கள். அது தடுப்புச்சுவர் மாதிரி கறையை உள்ளேயே நிறுத்தும். சமையலறையில் தாளிப்பு எண்ணெய் படிந்த இடத்துக்கும், பூஜை மாடத்தில் விளக்குப் புகை, சூடப் புகை ஏறிய இடத்துக்கும், பிள்ளைகள் ஸ்கெட்ச் பேனாவில் வரைந்த யானைகளுக்கும் இதே மருந்துதான். பென்சில் கிறுக்கலுக்கு இவ்வளவு தேவையில்லை.

பட்டி பார்ப்பது

வேலையின் தரம் இங்கேதான் முடிவாகிறது. பெயின்ட் பள்ளத்தை நிரப்பாது, நிறத்தைத்தான் மாற்றும்.

கடையில் இரண்டு வகைப் பட்டி கிடைக்கும். ஒன்று தூளாக வரும் வெள்ளை சிமென்ட் பட்டி. இன்னொன்று குழைத்தே வரும் அக்ரிலிக் பட்டி. சிமென்ட் பட்டி வெறும் சிமென்ட் பூச்சைத்தான் இறுகப் பிடிக்கும். பழைய பெயின்டின்மேல் இழுத்தால் தகடு தகடாக விட்டுவிடும். ஆகவே சுவர் முழுவதையும் சுரண்டிச் சிமென்ட் தெரிய வைத்திருந்தால் சிமென்ட் பட்டி. பழைய எமல்ஷன் நன்றாக இருக்கிறது, ஆணி ஓட்டையும் சின்னக் கீறலும் மட்டும் அடைக்கவேண்டும் என்றால் அக்ரிலிக் பட்டி 5 கிலோ போதும். முதல் முறை செய்கிறவருக்கு இந்த இரண்டாவது நிலை அமைந்தால் அதிர்ஷ்டம்.

முடி அளவு விரிசலை அப்படியே மூடாதீர்கள். தகட்டின் மூலையால் விரிசல் நெடுகக் கீறி வாயை அகலமாக்கி, தூசியைத் தட்டிவிட்டு, பிறகு உள்ளே அழுத்தி நிரப்புங்கள். வாய் அகலமாக இருந்தால்தான் பட்டி உள்ளே இறங்கிப் பிடிக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் தடித்த விரிசல், போன வருஷம் அடைத்து இந்த வருஷம் மறுபடி திறந்த விரிசல் இவை பெயின்ட் சங்கதி அல்ல. பொறியாளரிடம் காட்டுங்கள்.

சிமென்ட் பட்டி என்றால் முதலில் சுவரில் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். மூட்டையில் சொன்ன அளவு தண்ணீரில், கட்டியில்லாமல், தோசை மாவைவிடக் கெட்டியாக, இட்லி மாவைவிட வழவழப்பாகக் குழைத்து 10 நிமிடம் விட்டு மறுபடி கலக்குங்கள். இரண்டு மணி நேரத்தில் தீர்க்க முடிகிற அளவுக்கு மட்டும் கலக்க வேண்டும். இறுக ஆரம்பித்ததைத் தண்ணீர் ஊற்றி மீண்டும் குழைத்தால் அதற்குப் பலம் இருக்காது. இரண்டு கோட்டுக்கு ஒரு கிலோ 10 முதல் 15 சதுர அடி வரும். 400 சதுர அடிக்கு ஒரு 40 கிலோ மூட்டை.

தகட்டைச் சுவரோடு சாய்வாகப் பிடித்து, கீழிருந்து மேலாக, ஒரே அழுத்தத்தில் இழுங்கள். ஒரு கோட்டில் சரிசெய்துவிட வேண்டும் என்று தடிமனாக அப்பினால் காயும்போது வெடிக்கும். இரண்டு மெல்லிய கோட், இடையில் ஆறேழு மணி நேரம். முதல் நாள் கை கேட்காது. தகடு கோடு கோடாக இழுக்கும். கவலை வேண்டாம், உப்புத்தாள் இருக்கிறது. ஐந்தாவது, ஆறாவது இழுப்பில் மணிக்கட்டுக்குப் புரிந்துவிடும். அதனால் கதவுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் ஆரம்பியுங்கள்.

மறுநாள் நன்றாகக் காய்ந்ததும் 120-ல் ஆரம்பித்து 220-ல் முடித்துத் தேயுங்கள். கையளவு மரக்கட்டையில் தாளைச் சுற்றிக்கொண்டால் விரல் அழுத்தம் பள்ளம் போடாது. முகக்கவசம் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். அறைக்கதவை மூடி அடியில் ஈரத்துணி போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் வரைக்கும் சாம்பாரில்கூடப் பட்டித் தூள் இருக்கும்.

தேய்த்து முடித்ததும் அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர்வெளிச்சத்தில் தெரியாத மேடும் பள்ளமும் நிழலோடு எழுந்து நிற்கும். பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டு மறுபடி அந்த இடங்களை மட்டும் பாருங்கள். இந்த ஒரு வித்தைக்காகவே அந்த அண்ணனுக்கு நான் ஒரு டீ கடன்பட்டிருக்கிறேன்.

ப்ரைமர்

சுவரை ஈரத்துணியால் துடைத்துத் தூள் போன பிறகு ப்ரைமர். பட்டி தாகம் பிடித்தது, எமல்ஷனை நேராக அடித்தால் அங்கங்கே உறிஞ்சித் திட்டுத் திட்டாக நிற்கும். தண்ணீரில் கலக்கும் ப்ரைமர் உள்ளறைக்குப் போதும். டின்னில் போட்டிருக்கும் அளவுக்குத் தண்ணீர், ஒரு கோட், நான்கைந்து மணி நேரம் காயவிடுங்கள். காய்ந்ததும் இன்னும் சில பள்ளங்கள் கண்ணில் படும், எப்போதும் படும். கொஞ்சம் பட்டி வைத்து, தேய்த்து, அந்த இடத்துக்கு மறுபடி ப்ரைமர் தொடுங்கள்.

புதிதாகப் பூசிய சிமென்ட் சுவர் என்றால் இதெல்லாம் இப்போது வேண்டாம். 28 நாள் ஆறவிட்டு, அதற்கப்புறமும் பிளாஸ்டிக் தாள் சோதனை செய்து பார்த்துத்தான் தொட வேண்டும்.

கடைசியில் பெயின்ட்

வரிசை: கூரை, பிறகு சுவர், பிறகு கதவு, ஜன்னல். மேலிருந்து சொட்டுவது கீழே விழும் என்பதால்தான்.

ஒரே நிறத்தில் இரண்டு, மூன்று டின் வாங்கியிருந்தால் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் கொட்டிக் கலந்துகொள்ளுங்கள். கடையில் மிஷின் கலந்து கொடுத்தாலும் டின்னுக்கு டின் இழை அளவு வித்தியாசம் வரலாம். சுவர் நடுவில் டின் மாறினால் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் கலப்பதும் அப்படித்தான், அளந்து ஊற்றுங்கள். நிறைய பிராண்டுகளில் லிட்டருக்கு 400 மில்லியை ஒட்டிச் சொல்லியிருப்பார்கள். உங்கள் டின்னில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் வேதம். கூடுதலாக ஊற்றினால் பெயின்ட் நீளும், நிறம் மூடாது. பழைய டின் என்றால் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள்.

முதலில் 2 அங்குல பிரஷால் கூரையோரம், மூலை, ஸ்விட்ச் போர்டைச் சுற்றி, கதவு நிலையோரம் என்று மூன்று விரல் அகலத்துக்கு ஒரு பட்டை அடியுங்கள். பிரஷின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நனையட்டும். ஒரு சுவருக்கு ஓரம் அடித்ததும் அதே சுவரில் ரோலர் ஓட்டிவிட வேண்டும். அறை முழுக்க ஓரம் அடித்துவிட்டு மத்தியானம் சாப்பிட்டு வந்து ரோலர் எடுத்தால், காய்ந்த ஓரத்துக்கும் புது பெயின்டுக்கும் நடுவே சட்டம் போட்ட மாதிரி கோடு தெரியும்.

ரோலரைத் தட்டில் உருட்டி, சொட்டாத அளவுக்கு வழித்துக்கொண்டு, இரண்டு, மூன்று அடி அகலத்தில் முதலில் கோணல் மாணலாக ஓட்டிப் பெயின்டைப் பரப்புங்கள். பிறகு இடைவெளியை நிரப்பி, கடைசியாக மேலிருந்து கீழாக லேசான கையால் ஒரே திசையில் இழுத்து முடியுங்கள். அடுத்த பாகம் முந்தைய பாகத்தின் ஈர ஓரத்தின்மேல் ஏறிச் சேரவேண்டும். ஒரு சுவரை ஆரம்பித்தால் முடிக்கும்வரை போனை எடுக்காதீர்கள். ஃபேனும் அப்போது வேண்டாம், ஓரம் சீக்கிரம் காய்ந்துவிடும். வெயில் நேராக அடிக்கும் மேற்குச் சுவரைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

முதல் கோட் காய்ந்ததும் பழைய நிறம் மங்கலாகத் தெரியும், அங்கங்கே திட்டு இருக்கும். பெயின்ட் சரியில்லை என்று இந்தக் கட்டத்தில் கடைக்காரரைத் திட்டாதவர்கள் கிடையாது. நான்கு முதல் ஆறு மணி நேரம் விட்டு இரண்டாவது கோட் போட்டால் எல்லாம் அடங்கிவிடும். அடர்சிவப்பு, கருநீலத்தை வெளிர் நிறமாக்குவதென்றால் மூன்றாவதும் தேவைப்படலாம். பாதி காய்ந்த இடத்தைத் திருத்தப் போனால் மட்டும் மோசமாகும். முழுக்கக் காயவிட்டு அடுத்த கோட்டில் பாருங்கள்.

இடைவேளையில் ரோலரையும் பிரஷையும் கழுவத் தேவையில்லை. பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் சுற்றிவைத்தால் மறுநாள் காலைவரை காயாது.

மாஸ்கிங் டேப்பைக் கடைசிக் கோட் தொட்டால் ஒட்டாத அளவுக்கு வந்ததும் 45 பாகை சாய்வில் மெதுவாக உரியுங்கள். இரண்டு நாள் கழித்து உரித்தால் பெயின்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும்.

கதவு, ஜன்னலுக்கு எனாமல் அடிப்பது தனி வேலை. தேய்த்து, மர ப்ரைமர் அல்லது இரும்பு ப்ரைமர் ஒன்று, டர்பன்டைனில் கலந்த எனாமல் இரண்டு கோட், நடுவில் ஒருநாள். வாடை கடுமையாக இருக்கும். எல்லா ஜன்னலும் திறந்திருக்கட்டும், அடுப்புச் சுடர் பக்கத்தில் வேண்டாம். மிச்சமாகும் டர்பன்டைனைச் சாக்கடையில் ஊற்றாமல் பாட்டிலில் தெளியவிட்டு மறுபடி பயன்படுத்தலாம்.

முடிந்த பிறகு

வாடை போகும்வரை, இரண்டு, மூன்று இரவு வேறு அறையில் படுங்கள். கைக்குழந்தையும் ஆஸ்துமாக்காரர்களும் இன்னும் சில நாள் தள்ளியே இருக்கட்டும். பீரோவைச் சுவரோடு ஒட்டாமல் மூன்று விரல் விட்டுத் தள்ளுங்கள். மேலே காய்ந்தாலும் பெயின்ட் உள்ளே இறுகச் சில வாரம் ஆகும், ஒரு மாதத்துக்கு ஈரத்துணி போட்டுத் தேய்க்காதீர்கள்.

மீந்த பெயின்டில், தண்ணீர் கலக்காததாகப் பார்த்து, ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டில் நிரப்பி இறுக மூடி, ஷேடு எண்ணும் அறையின் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். அதே எண்ணை பீரோக் கதவின் உள்பக்கத்திலும் எழுதிவையுங்கள், ஏனென்றால் பாட்டில் எங்கே போனது என்று அப்புறம் யாருக்கும் தெரியாது. கட்டிலுக்கு மேலே, தலை சாயும் உயரத்தில், ஒரு துண்டோ தலையணையோ வையுங்கள். எங்கள் வீட்டில் துண்டு தொங்குகிறது. அப்பா மட்டும் அதை ஒதுக்கிவிட்டுத்தான் சாய்கிறார்.